வெளுத்ததெல்லாம் பாலாகுமா?
அழகு தேடி நஞ்சு வாங்கும் வழக்கம் பற்றி உறுப்பினர்களுக்குச் சில சொற்கள்

தருமபுரி மாவட்டத்துச் சிற்றூர்களில் பலர் வாய்விட்டுச் சிரிக்கத் தயங்குவதை நாம் கண்டிருக்கிறோம். சிரிப்பு எழும்போதே கை தானாக உயர்ந்து வாயை மறைக்கும். பெண்களாயின் சேலைத் தலைப்பு உதட்டுக்கு வந்துவிடும். பல்லில் படிந்த பழுப்புக் கறையே இதற்குக் காரணம். பெண் பார்க்க வரும் வீட்டார் முதலில் நோக்குவது முகத்தை. முகத்தில் முதலில் தெரிவது பல். ஆதலின், மணப் பருவத்துப் பிள்ளைகள் அக்கறையைப் போக்கச் செங்கற்பொடியும் அடுப்புக்கரியும் சாம்பலும் உப்பும் கொண்டு ஈறு கசியத் தேய்ப்பதும், எலுமிச்சைச் சாறு முதலிய புளிப்புகளைப் பூசிப் பார்ப்பதும் உண்டு. கறை போவதில்லை, பல்லின் மேற்பூச்சுத்தான் போகிறது. பின்னர்ப் பல் கூசுகிறது. சூடும் குளிர்ச்சியும் தாங்காமற் போகிறது.

அக்கறை ஏன் தேய்த்துப் போவதில்லை? அது வெளியிலிருந்து ஒட்டிய அழுக்கு அன்று. பல் உருவாகும் இளம்பருவத்திலேயே அதன் எனாமல் என்னும் மேற்பூச்சின் உள்ளே அமைந்துவிட்ட குறை அது. அக்குறையை உண்டாக்கியது, நம் முன்னோர் தெளிந்த நீரென்று நம்பிக் குடித்த கிணற்று நீரில் கரைந்திருந்த புளோரைடு என்னும் உப்பு.

இங்கே இரண்டு பிழைகள் நேர்ந்துள்ளன. அழகைக் கெடுத்தது தூயதென்று நம்பிய நீர். கெட்ட அழகை மீட்கக் கைக்கொண்டதோ, நல்லதென்று நம்பிய பொடி. இரண்டுக்கும் வேர் ஒன்றே: கண்ணுக்கு நன்றாகத் தோன்றுவது உடலுக்கும் நன்மை செய்யும் என்ற எண்ணம். வெளுத்ததெல்லாம் பாலென்று கொள்ளும் இவ்வெண்ணம் நம்முடைய ஊருக்கு மட்டும் உரியதன்று. உலகெங்கும், கற்றோரும் செல்வரும்கூட இதனால் கெட்டிருக்கின்றனர்.

நீரில் மறைந்திருந்த குறை

1901-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கொலராடோ மாகாணத்தில் பல் மருத்துவம் செய்யத் தொடங்கிய பிரெடெரிக் மக்கே என்பவர், அவ்வூரில் பிறந்து வளர்ந்தோர் பலருடைய பற்களில் பழுப்புக் கறை இருப்பதைக் கண்டு வியப்புற்றார். வெளியூரிலிருந்து வயது வந்தபின் குடியேறியவர்களுக்கு அக்கறை இல்லை. காரணம் நீரில் இருத்தல் வேண்டும் என்று அவர் ஐயுற்றார். ஆயினும் அந்நாளைய சோதனைகளில் நீரில் குறையொன்றும் புலப்படவில்லை. முப்பது ஆண்டுகள் கழித்து, 1931-இல், ஓர் அலுமினியக் கம்பெனியின் இரசாயன நிபுணராகிய சர்ச்சில் என்பவர் நுட்பமான முறையில் ஆராய்ந்தபோதுதான் புளோரைடு அகப்பட்டது. நம் நாட்டில், அப்போதைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த நெல்லூர் மாவட்டத்தில், பல்லை மட்டுமன்றி எலும்பையும் இந்நோய் முடக்கியிருப்பதை ஷார்ட் என்னும் மருத்துவரும் அவருடைய துணைவர்களும் 1937-இல் வெளியிட்டனர். முதுகெலும்பு விறைத்து, கழுத்தைத் திருப்ப இயலாமல், நடுத்தர வயதிலேயே முதியோர்போல் வளைந்துபோன உழவர்களை அவர்கள் கண்டனர்.

நம் மாவட்டத்தின் நிலத்தடியில் இருப்பவை பெரும்பாலும் கருங்கல்லும் அதன் இனத்தைச் சேர்ந்த பாறைகளும் ஆகும். அப்பாறைகளின் கனிமங்களில் புளோரைடு உண்டு. நீர் பாறையோடு நெடுங்காலம் தங்கியிருந்தால் அதனைக் கரைத்துக்கொள்கிறது. மழை பொய்த்து, ஆழ்குழாய்க் கிணறுகள் மேலும் மேலும் ஆழமாகத் தோண்டப்பட்டபோது, பாறையில் நெடுநாள் தங்கிய நீரே பல ஊர்களில் குடிநீராயிற்று. ஒரு லிட்டர் நீரில் 1 மில்லிகிராம் வரை புளோரைடு இருப்பது ஏற்கத்தக்கது. வேறு நீர் கிடையாவிடில் 1.5 மில்லிகிராம் வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். உலகச் சுகாதார நிறுவனம் கூறும் எல்லையும் 1.5 மில்லிகிராமே. சிறு அளவில் இதே புளோரைடு பற்சொத்தையைத் தடுக்கிறது என்பதையும் மறைத்தல் ஆகாது. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்னும் பழமொழிக்கு இதனினும் பொருத்தமான சான்று வேண்டுவதில்லை.

இக்கேட்டினின்று தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய இரு மாவட்டங்களையும் மீட்கும் பொருட்டே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வகுக்கப்பட்டது. அதற்கு 2008-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. ஜப்பானிய நிதி உதவியுடன் ஏறத்தாழ 1,928 கோடி ரூபாய்ச் செலவில் நிறைவேறி, 2013-ஆம் ஆண்டு மே மாதத்தில் தொடங்கி வைக்கப்பட்டது. காவிரி நீர் வருகின்ற ஊர்களில் பிறக்கும் குழந்தைகளின் பல்லுக்கு அது பெருங்காப்பு. ஆனால், குழாய் நீர் வராத நாளில் பழைய ஆழ்குழாய்க் கிணற்றுக்கே திரும்பிச் செல்லும் வீடுகளில் குழந்தைகளுக்குப் பழைய ஆபத்து நீங்கவில்லை. எட்டு வயதுக்குள் குடிக்கும் நீரே பல்லின் தோற்றத்தைப் பெரும்பாலும் முடிவு செய்கிறது. அதன் பின்னர் எத்தனை தேய்த்தாலும் பயனில்லை.

ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். நீரைக் காய்ச்சுவதால் கிருமி சாகும், புளோரைடு போகாது. நீர் ஆவியாகிக் குறைவதனால் எஞ்சிய நீரில் அதன் செறிவு கூடவே செய்யும்.

அழகின் பெயரால் விற்கப்பட்டவை

நீரின் குறையை அறியாமல் குடித்தோம். விலை கொடுத்து வாங்கிப் பூசியவற்றின் கதை இன்னும் வருந்தத்தக்கது. ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் சீமாட்டிகள் முகம் வெளுக்க வெள்ளீயச் சுண்ணத்தைப் போன்று தோன்றும் ஈயக் கார்பனேட்டுப் பொடியைக் குழைத்துப் பூசினர். பூசப்பூசத் தோல் கெட்டது. கெட்ட தோலை மறைக்க மேலும் பூசினர். அழகுக்குப் பேர்பெற்ற மரியா கோவெண்ட்ரி என்னும் பிரபுவின் மனைவி 1760-இல் தம் 27-ஆம் வயதில் மாண்டதற்கு இப்பூச்சே காரணம் என்று கூறுவர்.

ரேடியம் கண்டுபிடிக்கப்பட்ட பின்னர், அது ஒளிர்கின்றது, ஆதலின் உடலுக்கும் ஒளி தரும் என்று நம்பினர். பிரான்ஸ் நாட்டில் 1930-களில் ரேடியமும் தோரியமும் கலந்த முகக்களிம்பு விற்பனையாயிற்று. அமெரிக்காவில் கடிகார முகப்புகளுக்கு ரேடிய மை தீட்டிய இளம்பெண்கள், தூரிகையின் நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கும்படி பழக்கப்பட்டனர்; விளையாட்டாக நகத்திலும் பல்லிலும் அதனைப் பூசிக்கொண்டவர்களும் உண்டு. தாடை எலும்பு உளுத்து அவர்களிற் பலர் இறந்தனர். நியூஜெர்சியில் ஐந்து பெண்கள் தொடுத்த வழக்கு 1928-இல் சமரசமாயிற்று. தொழிலாளரின் உடல்நலத்துக்கு முதலாளி பொறுப்பு என்னும் கொள்கை வலுப்பெற அவ்வழக்கு உதவியது.

1933-இல் அதே நாட்டில் இமை மயிருக்கு ஏற்றப்பட்ட ஒரு கறுப்புச் சாயத்தால் சில பெண்கள் பார்வை இழந்தனர். அச்சாயம் நிலக்கரித் தாரின் வழிவந்த பாராபினைலின் டயமின் என்னும் பொருள். அன்று அழகுப் பொருள்களைக் கட்டுப்படுத்தும் சட்டம் அங்கே இல்லை. 1938-இல்தான் அது இயற்றப்பட்டது. நம் நாட்டில் 1940-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருள்கள் சட்டமும், 2020-இல் வந்த அழகுசாதனப் பொருள் விதிகளும் இப்போது காவலாக உள்ளன.

இப்பொருள்களெல்லாம் நெடுங்காலம் நல்லவையாகக் கருதப்பட்டது எதனால்? பயன் உடனே தெரிந்தது. தீங்கு மெல்ல வந்தது. பூசிய அன்றே முகம் வெளுக்கும். சிறுநீரகம் கெடுவது பல திங்கள் கழித்துத் தெரியும். இடைவெளி நீளவே, காரணத்தையும் காரியத்தையும் இணைத்துப் பார்க்க எவருக்கும் தோன்றுவதில்லை. மேலும், தீங்குற்றோர் வெட்கத்தால் வாய் திறவார். விற்போரோ வாய் ஓயார்.

சிவப்பழகுக் களிம்பு

இது பழங்கதை அன்று. பாதரசம் கலந்த களிம்புகள் இன்றும் சந்தைகளிலும், அழகு நிலையங்கள் சிலவற்றிலும், கைப்பேசி வழியாகவும் விற்கப்படுகின்றன. தோலில் கருநிறப் பொருளை உண்டாக்கும் நொதியைப் பாதரசம் முடக்குகிறது. அதனால் சில வாரங்களில் முகம் வெளுக்கிறது. ஆனால் பாதரசம் தோலோடு நிற்பதில்லை. அது உள்ளே சென்று சிறுநீரகத்தில் தங்குகிறது. கேரளத்தில் மலப்புறம் மாவட்டத்தைச் சேர்ந்த மருத்துவர்கள், சிறுநீரில் புரதம் கழியும் நோயோடு வந்தோரை 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை ஆராய்ந்தனர். அந்நோயின் ஒரு வகைக்கு ஆளான 22 பேரில் 15 பேரிடம் அரிதான ஓர் அறிகுறி காணப்பட்டது. அப்பதினைவரில் 13 பேர் தோலை வெளுக்கும் களிம்பைப் பூசி வந்தவர்கள். காலும் முகமும் வீங்கிய பின்னரே அவர்கள் மருத்துவரை நாடினர். அக்களிம்பை விட்டொழிப்பதே அவர்களுடைய சிகிச்சையின் முதற்படியாயிற்று.

பாதரசத்தைப் பற்றிய மினமாட்டா உடன்படிக்கையில் இந்தியா 2018-இல் இணைந்தது. கண்ணைச் சுற்றிப் பூசும் சிலவற்றைத் தவிர, ஏனைய அழகுப் பொருள்களில் தற்செயலாகக் கலந்த பாதரசம் பத்து லட்சத்தில் 1 பங்குக்கு மிகலாகாது என்று நம் விதிகளும் கூறுகின்றன. ஸ்டீராய்டு கலந்த களிம்புகள் பலவும் மருத்துவச் சீட்டின்றி விற்கலாகாதென 2018-இல் ஆணை பிறந்தது. அவற்றை முகப்பூச்சாக்கினால் தோல் மெலிந்து, நிறுத்தியவுடன் சிவந்து எரியும்.

வாங்குமுன் உறையை நோக்குக. செய்தவர் பெயர், முகவரி, உரிம எண், தொகுதி எண் ஆகியவை இல்லாத களிம்பைக் கையாலும் தொடவேண்டா. தங்கம், வெள்ளி, அலுமினியம் ஆகியவற்றில் படாமல் பூசுக என்று எந்தக் களிம்பின் உறையிலேனும் கண்டால், அதில் பாதரசம் இருக்கக்கூடும் என்று உடனே ஐயுறலாம். தங்கத்தோடு கூடி அதனை வெளுக்கச் செய்வது பாதரசத்தின் இயல்பன்றோ?

நம் வயலின் மஞ்சள்

இனி நம்மை நேரே தொடும் செய்தி. அரூர், பாப்பிரெட்டிப்பட்டி வட்டாரங்களில் மஞ்சள் பயிரிடும் உறுப்பினர்கள் இதனைக் கருத்தூன்றிப் படிப்பார்களாக. மஞ்சள் நம் பெண்மக்களின் பழமையான அழகுப் பொருள். அதுவே நம் குழம்பிலும் சேர்வது. முகத்துக்கும் வயிற்றுக்கும் ஒருங்கே செல்லும் இப்பொருளில் நிறத்துக்காக நஞ்சு கலப்பது இரட்டைக் கேடு.

ஈயக் குரோமேட்டு என்பது பளிச்சென்ற மஞ்சள் நிறமுள்ள வண்ணப்பொடி. இயந்திரங்களுக்கும் வீட்டுக் கதவுகளுக்கும் பூசும் வண்ணங்களில் சேர்ப்பது. வங்கதேசத்தில் 1980-களில் வெள்ளத்தால் மஞ்சள் நனைந்து மங்கியபோது, அதனை விற்கும் பொருட்டு இப்பொடியைத் தடவத் தொடங்கினர் என்று அங்குள்ள வணிகர்களே ஆராய்ச்சியாளரிடம் கூறினர். வெள்ளம் வடிந்தது, வழக்கம் வடியவில்லை. வாங்குவோர் அந்த மிகுநிறத்துக்கே கண் பழகிவிட்டனர். கருவுற்ற பெண்களின் இரத்தத்தில் ஈயம் மிகுந்திருப்பதன் காரணத்தைத் தேடிய ஆராய்ச்சி கடைசியில் மஞ்சள் டப்பாவில் வந்து நின்றது. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் குன்றச் செய்யும். இவ்வளவு இருந்தால் தீங்கில்லை என்று கூறத்தக்க அளவு எதுவும் அதற்கு அறியப்படவில்லை.

2019-இல் இவ்வுண்மை வெளியானதும், அந்நாட்டு உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் மொத்தச் சந்தைகளில் சோதனையிட்டுத் தண்டம் விதித்தனர். மக்களுக்கும் செய்தி பரப்பினர். சந்தை மஞ்சளில் 2019-இல் 100-க்கு 47 மாதிரிகளில் காணப்பட்ட ஈயம், 2021-இல் ஒன்றிலும் காணப்படவில்லை. இரண்டே ஆண்டுகளில் ஒரு கேட்டை ஒழிக்க இயலும் என்பதற்கு இது சான்று. நம் நாட்டிலும் பாட்னா முதலிய நகரங்களில் மிகுந்த ஈயமுள்ள மஞ்சள் அகப்பட்டதாக 2024-இல் ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர். ஆதலின், நமக்கு இதில் பங்கில்லை என்று வாளா இருத்தல் தகாது.

வேகவைத்து உலர்த்திய மஞ்சளை உருளையில் இட்டு மெருகேற்றும்போது, மஞ்சள் தூளையே நீரிற் கரைத்துத் தெளிப்பது நேரிய முறை. அதற்கு மேல் நிறம் வேண்டும் என்று வியாபாரி கேட்டால், மறுத்துவிடுதலே உழவருக்கு அழகு. மஞ்சளின் மதிப்பு அதன் உள்ளிருக்கும் குர்குமினில் இருக்கிறது. மேலே தூவிய பொடியில் இல்லை. ஈயக் குரோமேட்டு கலந்த மஞ்சளை விற்பது சட்டப்படியும் குற்றம்.

குங்குமத்துக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். மஞ்சளோடு சுண்ணாம்பு முதலிய காரப்பொருள் சேர்த்துச் செய்யும் குங்குமம் நம் பாட்டிமார் அறிந்தது. கடையில் மலிவாகக் கிடைக்கும் கொழுஞ்சிவப்புப் பொடியிற் சிலவற்றில் ஈயச் செந்தூரம் உண்டு. அமெரிக்காவிலும் இந்தியாவிலும் வாங்கிய சிந்தூர மாதிரிகளை ஆராய்ந்து 2017-இல் வெளியிட்டோர், நான்கில் மூன்று பங்குக்கு மேற்பட்டவற்றில் ஈயம் இருக்கக் கண்டனர். கைக்குழந்தை தாயின் நெற்றியைத் தொட்டு அக்கையையே வாயில் வைக்கும் என்பதை எண்ணிப் பார்க்க.

தறிக்கு வரும் சாயம்

நெசவாளருக்கும் இக்கதையில் பங்கு உண்டு. 1775-இல் ஷீலே என்னும் ஸ்வீடன் நாட்டு அறிஞர் கண்ட அழகிய பச்சை நிறம், துணியிலும் சுவர்த்தாளிலும் செயற்கைப் பூவிலும் இடம்பெற்றது. அது பாஷாணமும் செம்பும் சேர்ந்தது. அதை உடுத்தவரைவிட, அந்தப் பூக்களைச் செய்த ஏழைப் பெண்களே மிகுதியும் துன்புற்றனர். 1856-இல் பெர்க்கின் நிலக்கரித் தாரிலிருந்து ஊதாச் சாயம் கண்டபின், நூற்றுக்கணக்கான செயற்கைச் சாயங்கள் தோன்றின. 1895-இல் ஜெர்மானிய அறுவை மருத்துவராகிய ரேன், சாயத் தொழிற்சாலையில் நெடுநாள் உழைத்தோருக்குச் சிறுநீர்ப்பையில் புற்று உண்டாவதை எடுத்துக்காட்டினார். சாயக்காரனின் கை நிறத்தைப் பார்த்து நகைத்தவர்கள், அந்நிறம் உடலின் உள்ளும் செல்வதை அறியவில்லை.

பென்சிடின் முதலிய தீய அமைன்களிலிருந்து செய்யும் சாயங்கள், உடலினுள் மீண்டும் அந்த அமைன்களாகப் பிரியக்கூடும். ஜெர்மனி 1994-இல் இத்தகைய சாயங்களைத் தடுத்தது. இந்திய அரசு 1993-இல் பென்சிடின் வழிவந்த 42 சாயங்களையும், 1997-இல் மேலும் 70 அசோ சாயங்களையும் தடை செய்தது. அசோ சாயங்கள் எல்லாமே தீயவை என்பது இதன் பொருளன்று. இந்த 112 மட்டுமே விலக்கப்பட்டவை. ஆனால் பெயரும் எண்ணும் இல்லாமல் பொட்டலமாக விற்கும் மலிவுச் சாயத்தில் எது உள்ளது என்பதை யார் கூற வல்லார்? அதைக் குழைக்கும் நெசவாளரின் மூச்சிலும் தோலிலும்தான் அது முதலில் சேர்கிறது. துணி வாங்குவோருக்கு ஒரு சேலை. நமக்கோ ஆயுள் முழுவதும் சாயத்தொட்டி.

மருதோன்றியைப் பற்றியும் ஒரு சொல். இயல்பான மருதோன்றி செந்நிறம் தரும், கருநிறம் தருவதில்லை. சில நிமிடங்களில் கரிய கோலம் தரும் கூம்புகளில், முன்னே சொன்ன பாராபினைலின் டயமின் கலந்திருக்கலாம். அதனால் கொப்புளமும், வாழ்நாள் முழுதும் நீங்காத ஒவ்வாமையும் சிலருக்கு நேர்கின்றன.

சங்கம் செய்யத்தக்கவை

தனி ஒருவர் நீரையும் மஞ்சளையும் சாயத்தையும் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புதல் அரிது. செலவும் அலைச்சலும் அவரைத் தடுக்கும். நூறு பேர் சேர்ந்த சங்கத்துக்கு அது எளிது. கூட்டுறவின் பொருளே இதுதான். ஆதலின் பின்வருவனவற்றை உறுப்பினர்கள் தத்தம் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் எடுத்துப் பேசுதல் நலம்.

முதலாவதாக, ஊரில் குடிநீருக்குப் பயன்படும் ஒவ்வோர் ஆழ்குழாய்க் கிணற்றின் நீரையும் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வுக்கூடத்தில் சோதித்து, புளோரைடு அளவைக் கிணற்றருகே எழுதி வைக்கலாம். மிகுந்துள்ள நீரைத் துணி துவைக்கவும் பிற வேலைக்கும் வைத்துக்கொண்டு, குடிக்கவும் சமைக்கவும் காவிரி நீரையும் சேமித்த மழை நீரையும் ஒதுக்கலாம். மழை நீரில் புளோரைடு இல்லை. குழந்தைகளுக்குப் பாலும், நம் மண்ணின் கேழ்வரகும், நெல்லிக்காயும் தவறாமல் கொடுத்தல் வேண்டும். சுண்ணாம்புச் சத்து மிகுந்த உணவு புளோரைடின் தீமையை ஓரளவு தணிக்கும்.

இரண்டாவதாக, சங்கத்தின் வழி விற்கும் மஞ்சளில் ஒவ்வொரு தொகுதியிலும் மாதிரி எடுத்து ஈயச் சோதனை செய்து, சான்றோடு விற்கலாம். சான்றுள்ள சரக்கை நாடுவோர் பெருகி வருகின்றனர்.

மூன்றாவதாக, சாயத்தைச் சங்கமே மொத்தமாக வாங்கி, தடை செய்யப்பட்ட அமைன்கள் இல்லை என்னும் சான்றைப் பெற்ற பின்னரே நெசவாளருக்கு வழங்கலாம். கையுறையும் மூக்குத்துணியும் உடன் வழங்குதல் வேண்டும். சாயம் குழைக்கும் பாத்திரத்தைச் சமையலறைக்குக் கொண்டுசெல்லாதிருப்பதும், அவ்விடத்தில் உண்ணாதிருப்பதும் செலவில்லாக் காப்பு.

பல்லில் ஏற்கெனவே கறை உள்ளோர் மனம் தளர வேண்டா. அரசுப் பல் மருத்துவரிடம் சென்றால், கறையின் அளவுக்கு ஏற்பப் பல்லைக் கெடுக்காமல் தோற்றத்தைச் சீர்செய்யும் முறைகள் உண்டு. செங்கற்பொடியை மட்டும் இன்றே விட்டுவிடுக. அந்தக் கறை அழுக்கின் அடையாளமும் அன்று, குலத்தின் குறையும் அன்று. ஓர் ஊர் பல்லாண்டு குடித்த நீரின் கணக்கு அது. பெண் பார்க்கச் செல்லும் பெரியோர் இதனை நினைவிற் கொண்டால், பல வீடுகளில் கவலை குறையும்.